இணையம் இல்லாத பயணத்தில் ஜியோகேஷிங் கண்டுபிடிப்புகளைக் குறித்துவைப்பது எப்படி?

வரும் ஜனவரியில் நியூசிலாந்தின் தென் தீவில் காரில் சுற்றவிருக்கும் சென்னை நண்பர் ஒருவர், வழிநெடுக ஜியோகேஷிங் (பிறர் ஒளித்துவைத்த பெட்டிகளை ஜிபிஎஸ் உதவியோடு தேடிக் கண்டு, இணையதளத்தில் பதியும் விளையாட்டு) பெட்டிகளைத் தேடப்போவதாகவும், அங்கே உள்ளூர் சிம் வாங்கும் எண்ணம் இல்லை என்றும் சொல்லி, இணையமே இல்லாமல் கண்டுபிடிப்புகளை எப்படிப் பதிவுசெய்வது என்று கேட்டிருக்கிறார். எந்தச் செயலியை நிறுவுவது என்ற கேள்விபோல இது தோன்றினாலும், அவருடைய உண்மையான கவலை கடைசி வரியில்தான் இருக்கிறது: ஊர் திரும்பிய பிறகு பதிந்தால் அது செல்லுமா, எந்தத் தேதியில் பதிவாகும்? ஜிபிஎஸ் கைக்கருவியும் ஆண்ட்ராய்டு ஃபோனும் வைத்துக்கொண்டு, சிக்னல் எட்டாத மலைப்பாதைகளில் பல ஆண்டுகளாக இந்த விளையாட்டை விளையாடிவருபவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். எது விதி, எது கருவிக்குக் கருவி மாறுவது என்பதையும் ஆங்காங்கே பிரித்துக் காட்டுகிறேன்.

முதலில் சந்தேகத்துக்கு இடமில்லாததைச் சொல்லிவிடலாம். ஒளித்துவைக்கப்பட்ட பெட்டியைக் கண்டுபிடித்து, அதற்குள் இருக்கும் தாளில் உங்கள் விளையாட்டுப் பெயரை எழுதிவிட்டால் கண்டுபிடிப்பு அங்கேயே முடிந்துவிடுகிறது. இணையத்தில் செய்வது அந்தக் கையெழுத்துக்கான அறிவிப்பு மட்டுமே. தாளில் எழுதியவர் இணையத்திலும் பதியலாம் என்பதுதான் ஜியோகேஷிங் தளத்தின் விதி. அன்றே பதிய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பதியும் படிவத்தில் தேதியை நீங்களே பின்னுக்கு நகர்த்திக்கொள்ளலாம், நகர்த்தவும் வேண்டும். பெட்டியை நீங்கள் தொட்ட நாள்தான் அங்கே வர வேண்டுமே தவிர, கணினி முன்னால் உட்கார்ந்த நாள் அல்ல. இந்த விளையாட்டின் தொடக்கமே இப்படித்தான். 2000ஆம் ஆண்டு மே 2ஆம் தேதி அமெரிக்க அரசு ஜிபிஎஸ் சமிக்ஞையில் வேண்டுமென்றே புகுத்திவந்த பிழையை நிறுத்தியது. மறுநாளே ஒரெகன் மாநிலத்தில் டேவ் உல்மர் ஒரு வாளியை ஒளித்துவைத்து, அதன் ஆயத்தொலைவுகளை இணையத்தில் வெளியிட்டார். அதற்குப் பிறகு பல ஆண்டுகள், கையில் இணையம் உள்ள ஃபோன் பரவும் வரை, எல்லோருமே வீட்டில் பக்கத்தை அச்செடுத்து, கருவியில் எண்களை ஏற்றி, தேடிவிட்டுத் திரும்பி வந்துதான் பதிந்தார்கள். எனவே நீங்கள் கேட்பது குறுக்குவழியோ விதிவிலக்கோ அல்ல.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சிம் வாங்கினாலும் உங்கள் பயணத்தின் சில பகுதிகளில் பெரிய வேறுபாடு இருக்காது. டே அனா என்ற ஊரிலிருந்து மில்ஃபோர்டு சவுண்டு என்ற கடற்கழி வரை செல்லும் ஏறத்தாழ 120 கிலோமீட்டர் சாலையின் பெரும்பகுதியில் கைப்பேசிச் சிக்னல் கிடைக்காது. ஹாஸ்ட் கணவாய் வழியாக மேற்குக் கடற்கரைக்குப் போகும் சாலையிலும் நெடுந்தூரம் அதே நிலைதான். ஆகவே சிம் வாங்குவதா வேண்டாமா என்பது தனிக் கேள்வி. இணையமின்றிக் குறித்துவைக்கும் பழக்கம் அங்கே எப்படியும் தேவைப்படும்.

அப்படியானால் எதையெல்லாம் குறிக்க வேண்டும்? பெட்டியின் குறியீடு, உள்ளூர்த் தேதியும் நேரமும், அன்றைய வரிசையில் அது எத்தனையாவது, கண்டேனா இல்லையா, பிறகு நினைவைக் கிளறும் ஒரு வரி. இவ்வளவு இருந்தால் எந்தச் செயலியும் இல்லாமலே பின்னர் முழுப் பதிவையும் எழுதிவிடலாம். இவை இல்லாவிட்டால் எவ்வளவு நல்ல செயலி இருந்தும் பயனில்லை. ஆற்றுப் பாலத்தடியில் ஒன்று, காட்சிமுனையில் ஒன்று என்று ஒரே நாளில் பத்துப் பன்னிரண்டு பெட்டிகளைப் பார்த்துவிட்டால், இரவில் எந்தப் பாலம் எந்தப் பெட்டிக்குரியது என்பது குழம்பிவிடும். பெட்டியின் பெயரை மட்டும் எழுதாதீர்கள். ஒரே பெயரில் பல பெட்டிகள் இருக்கக்கூடும், குறியீடு ஒன்றுதான் தனித்துவமானது. அது ஜிசி என்று தொடங்கும் எழுத்தும் எண்ணும் கலந்த வரிசை. கையால் எழுதும்போது ஓ என்ற எழுத்தா சுழியமா, எஸ்ஸா ஐந்தா என்ற ஐயம் எல்லோருக்கும் வரும். ஆனால் ஜிசிக்குப் பின்வரும் பகுதியில் ஐ, எல், ஓ, எஸ், யூ ஆகிய ஐந்து ஆங்கில எழுத்துகளும் பயன்படுத்தப்படுவதே இல்லை. எனவே உங்கள் கிறுக்கலில் ஓ போலத் தெரிவது சுழியம், எஸ் போலத் தெரிவது 5, ஐ போலத் தெரிவது 1. பி என்ற எழுத்துக்கும் 8க்கும், இசட்டுக்கும் 2க்கும் இந்தச் சலுகை கிடையாது. அவற்றைத் தெளிவாக எழுதுவது உங்கள் பொறுப்பு.

கிளம்புவதற்கு முன் செய்ய வேண்டிய ஏற்பாடு, குறித்துவைப்பதைவிட முக்கியம். போகும் வழியிலுள்ள பெட்டிகளின் விவரம், துப்பு, அண்மைக்காலப் பதிவுகள், பல கட்டங்கள் கொண்ட பெட்டியானால் அதன் துணைப்புள்ளிகள், புதிர்ப்பெட்டியானால் நீங்கள் வீட்டிலேயே விடுவித்துக் கண்ட சரியான ஆயத்தொலைவு ஆகிய அனைத்தும் ஃபோனுக்குள்ளோ கருவிக்குள்ளோ இறங்கியிருக்க வேண்டும். தளத்தில் கட்டணம் கட்டிய பிரீமியம் உறுப்பினராக இருந்தால் பாக்கெட் குவெரி என்ற வசதியில் ஒரு தடவைக்கு 1,000 பெட்டிகள் வரை ஜிபிஎக்ஸ் என்ற, ஜிபிஎஸ் கருவிகள் படிக்கும் வடிவிலான ஒரே கோப்பாகப் பெறலாம். ஒரு சாலையை ஒட்டியுள்ள பெட்டிகளை மட்டும் வடிகட்டவும் அதில் வழி உண்டு. அதிகாரபூர்வச் செயலியில் பட்டியலை முன்கூட்டியே இறக்கிக்கொள்வதும் பிரீமியம் உறுப்பினர்களுக்கான வசதிதான். கட்டணம் கட்டாதவர்களுக்கு ஆண்ட்ராய்டில் சி:ஜியோ என்ற இலவசத் திறமூலச் செயலி பெரும் உதவி. அதில் பெட்டிகளைப் பட்டியலாகச் சேமித்து, ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவில் உருவான நியூசிலாந்து வரைபடத்தையும் ஃபோனிலேயே வைத்துக்கொள்ளலாம். ஆனால் பிரீமியம் உறுப்பினர்களுக்கென்று ஒதுக்கப்பட்ட பெட்டிகளின் விவரம் மற்றவர்களுக்கு எந்தச் செயலியிலும் கிடைக்காது.

இணையம் இல்லாவிட்டால் ஜிபிஎஸ் வேலைசெய்யுமா என்ற பயம் பலருக்கு உண்டு. செய்யும். ஃபோன் செயற்கைக்கோள்களிடமிருந்து நேரடியாகச் சமிக்ஞையை வாங்குகிறது. இணையம் அந்த முதல் இருப்பிடத்தை விரைவாகக் கண்டுபிடிக்கத்தான் உதவுகிறது. இணையத்தில் சில நொடிகளில் கிடைக்கும் செயற்கைக்கோள் பாதை விவரத்தை, அது இல்லாதபோது, நொடிக்கு 50 பிட் வேகத்தில் வானத்திலிருந்தே கேட்டு வாங்க வேண்டும். ஆகவே காலையில் முதன்முறை திறக்கும்போது, மரநிழலை விட்டு வெளியே வந்து, ஃபோனை ஓரிரு நிமிடங்கள் ஆடாமல் பிடித்துக்கொண்டு நில்லுங்கள். விமான முறையில் போட்டுவிட்டு இருப்பிடச் சேவையை மட்டும் இயக்கிவைத்தாலும் இன்றைய ஃபோன்களில் ஜிபிஎஸ் இயங்கும். இல்லாத சிக்னலைத் தேடித் தேடி மின்கலம் தீர்ந்துபோவதும் நிற்கும். மில்ஃபோர்டு பக்கத்துக் குறுகிய பள்ளத்தாக்குகளில் மட்டும் இருபுறப் பாறைச்சுவர்களிலும் சமிக்ஞை பட்டுத் தெறிப்பதால் காட்டும் இடம் பல மீட்டர் விலகக்கூடும். அங்கே துப்பையும் கண்ணையும் நம்புவதே மேல்.

பெட்டியைக் கண்ட இடத்தில் பதிவைச் சேமிப்பதற்கு வருவோம். சி:ஜியோவில் வழக்கம்போலப் பதிவுப் பக்கத்தைத் திறந்து, அனுப்பாமல் ஃபோனிலேயே சேமித்தால் போதும். பிறகு இணையம் கிடைக்கும்போது, சேமித்தவை எல்லாவற்றையும் களக்குறிப்புகளாக, அதாவது இன்னும் வெளியிடாத வரைவுகளாக, தளத்துக்கு ஏற்றலாம். கார்மின் நிறுவனத்தின் ஜிபிஎஸ் கைக்கருவியில் கண்டேன் என்று அழுத்தும் ஒவ்வொரு முறையும் அதன் நினைவகத்தில் ஜியோகேஷ் விசிட்ஸ் என்ற பெயருள்ள உரைக்கோப்பில் ஒரு வரி சேர்கிறது: குறியீடு, தேதியும் நேரமும், பதிவின் வகை, மேற்கோள் குறிக்குள் நீங்கள் எழுதிய கருத்து. கருவியைக் கணினியில் இணைத்து அந்தக் கோப்பைத் தளத்தின் வரைவுகள் பக்கத்தில் கொடுத்தால், ஒவ்வொரு வரியும் உங்களுக்கு மட்டுமே தெரியும் ஒரு வரைவாக மாறி நிற்கும். ஒவ்வொன்றாகத் திறந்து, விரிவாக எழுதி, பிறகு வெளியிடலாம். புதிய மாடல்கள் சிலவற்றில் கோப்பின் பெயரும் வடிவமும் வேறு. உங்கள் கருவி எந்த வகை என்பதைப் பயணத்துக்கு முன்பே பார்த்துவிடுங்கள். சிறிய விசைப்பலகையில் நீண்ட கருத்து எழுத முயல வேண்டாம் என்பது என் ஆலோசனை; இரண்டு சொல் போதும், மீதியை நோட்டில் எழுதுங்கள்.

இப்போது, நீங்கள் கேட்காவிட்டாலும் உங்கள் பயணத்தில் நிச்சயம் குறுக்கிடக்கூடிய சிக்கல் ஒன்று இருக்கிறது: தேதி. கார்மின் கோப்பில் எழுதப்படும் நேரம் உள்ளூர் நேரம் அல்ல, யூடிசி எனப்படும் உலகப் பொது நேரம். ஜனவரியில் நியூசிலாந்தில் கோடைக்கால நேரம் நடைமுறையில் இருப்பதால், அது பொது நேரத்துக்கு 13 மணிநேரம் முந்தியது. நீங்கள் ஜனவரி 5ஆம் தேதி காலை 10 மணிக்கு ஒரு பெட்டியைத் திறந்தால், கோப்பில் பதிவாவது ஜனவரி 4, இரவு 9 மணி. அதாவது பகல் ஒரு மணிக்கு முன்னால் நீங்கள் கண்ட அத்தனை பெட்டிகளும் பொது நேரப்படி முந்தைய நாளுக்குரியவை. அதற்குப் பிறகு கண்டவை அதே நாளுக்குரியவை. இந்தியாவுக்குள் சுற்றும்போது இது காலை ஐந்தரைக்கு முன்னால் மட்டும் நிகழ்வதால் யாரும் கவனிப்பதில்லை. பசிஃபிக்கின் அந்த மூலையில் இது நாளைச் சரிபாதியாகப் பிளந்துவிடுகிறது. இந்திய நேரப்படி மாற்றிக் கணக்கிட்டாலும் சிக்கல் முழுவதும் தீராது. நியூசிலாந்தின் கோடைக்கால நேரம் நம்முடையதைவிட ஏழரை மணிநேரம் முந்தியது என்பதால், காலை 7 மணிக்குக் கண்ட பெட்டி முந்தைய இரவு பதினொன்றரைக் கணக்கில் போய்ச் சேரும்.

வரைவாக ஏற்றிய பிறகு தளம் எந்தத் தேதியைக் காட்டும் என்பதை ஒரே வாக்கியத்தில் உறுதியாகச் சொல்ல முடியாது. உங்கள் கணக்கில் எந்த நேர மண்டலம் அமைந்திருக்கிறது, எந்தச் செயலி வழியாக ஏற்றினீர்கள் என்பதைப் பொறுத்து அது மாறுகிறது. ஏற்றுவதற்கு முன் கணக்கின் நேர மண்டலத்தை ஆக்லாந்துக்கு மாற்றிக்கொள்வது வாய்ப்பைக் கூட்டும். ஆயினும் கடைசிச் சொல் உங்கள் நோட்டுக்கே இருக்கட்டும்: வெளியிடும் முன் ஒவ்வொரு வரைவின் தேதியையும் அதோடு ஒப்பிட்டுத் திருத்துங்கள். தாளில் நீங்கள் கையால் எழுதிய தேதி உள்ளூர்த் தேதி. இணையப் பதிவும் அதனோடு ஒத்துப்போக வேண்டும். இதோடு தொடர்புடைய சிறிய செய்தி: சிம் இல்லாத ஃபோன் சில நேரங்களில் தானாக நேர மண்டலத்தை மாற்றிக்கொள்ளாமல் சென்னை நேரத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். விமானத்திலிருந்து இறங்கியதும் கடிகாரத்தைக் கையால் மாற்றிவிடுங்கள். படங்களின் நேரமும் அதனால் சரியாக அமையும்.

தேதியைப் போலவே வரிசையும் ஒரு சிலருக்கு முக்கியம். உங்களுடைய நூறாவது, ஐந்நூறாவது கண்டுபிடிப்பு எது என்று தளம் கணக்கிடும்போது முதலில் தேதியைப் பார்க்கிறது. ஒரே தேதியில் பல இருந்தால், எது முதலில் வெளியிடப்பட்டதோ அதையே முன்னதாக எடுத்துக்கொள்கிறது. நேரத்தை அது பொருட்படுத்துவதில்லை. மில்ஃபோர்டு சாலையிலுள்ள ஹோமர் சுரங்கப்பாதைக்கு அருகே கண்ட பெட்டிதான் உங்கள் ஐந்நூறாவது என்று முடிவுசெய்து, அதற்கென்றே எண்ணிக்கொண்டு போயிருந்தால், கண்ட வரிசையிலேயே பதிவுகளை வெளியிடுங்கள். தேதியைப் பிறகு திருத்தலாம், ஒரே நாளுக்குள் வரிசையை மாற்ற வேண்டுமானால் பதிவை நீக்கி மீண்டும் எழுத வேண்டியிருக்கும். எண்ணிக்கையில் ஆர்வம் இல்லாதவர் இதைத் தாராளமாக மறந்துவிடலாம்.

நோட்டுப் புத்தகம் என்று திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மில்ஃபோர்டு சவுண்டில் ஆண்டுக்கு 6,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. ஈரக்கையில் தொடுதிரை ஒத்துழைக்காது, ஈரத்தாளில் பந்துமுனைப் பேனாவும் ஒத்துழைக்காது. சட்டைப்பையில் அடங்கும் நீர்புகாத் தாள் நோட்டும், ஒரு பென்சிலும் போதும். பெட்டிக்குள் இருக்கும் தாளிலேயே பென்சில்தான் பெரும்பாலும் எழுதும். என் நோட்டு வரி ஒன்று இப்படி இருக்கும்: “ஜன. 5, கா. 10.05, 3ஆவது, குறியீடு, கண்டேன். தாள் ஓரம் ஈரம். கியா ஒன்று பக்கத்துக் காரின் ஜன்னல் ரப்பரைக் கொத்தியது.” கியா என்பது அந்த மலைகளில் வாழும் பச்சைநிறக் கிளி, ஹோமர் சுரங்க வாயிலில் நிற்கும் கார்களின் மீது உட்கார்ந்து கிடைத்ததைப் பிய்ப்பதில் பெயர்பெற்றது. நோட்டைக் கார்க் கூரைமேல் வைத்துவிட்டுப் பெட்டியைத் தேடப் போகாதீர்கள். அந்த ஒரு வரி பறவைக்குறிப்பு, மூன்று வாரம் கழித்துப் பதிவு எழுதும்போது அந்த இடம் முழுவதையும் நினைவுக்குக் கொண்டுவந்துவிடும். பெட்டியை வைத்தவருக்கும் “நன்றி, கண்டேன்” என்பதைவிட அப்படிப்பட்ட வரிதான் வேண்டும். எங்கே ஒளித்திருந்தது என்பதை மட்டும் பொதுப் பதிவில் எழுதாதீர்கள்.

கையெழுத்திட்ட தாளைப் படம் எடுத்துவைப்பதும் நல்லது. ஃபோன் எடுக்கும் படத்தில் நேரமும், அனுமதித்திருந்தால் இடமும் இணையம் இன்றியே சேர்ந்துவிடும் என்பதால், அது குறிப்பாகவும் சான்றாகவும் பயன்படும். தாளில் பெயர் இல்லை என்று சொல்லிப் பதிவை நீக்கும் உரிமை பெட்டியின் உரிமையாளருக்கு உண்டு. தாமதமாகப் பதிபவர் மீது ஐயம் எழுந்தால் அந்தப் படத்தை அவருக்குத் தனிச்செய்தியில் அனுப்பலாம். பொதுவில் ஏற்றுவதற்கு அல்ல அது.

கண்டேன் என்ற ஒரே பொத்தானில் அடங்காதவை சில உண்டு. எர்த்கேஷ் எனப்படும் நிலவியல் இடங்களில் பெட்டியும் இல்லை, தாளும் இல்லை. பாறையின் அடுக்கு, நீரின் நிறம் போன்றவற்றைக் கவனித்து உரிமையாளர் கேட்கும் கேள்விகளுக்கு விடை அனுப்ப வேண்டும். அந்தக் கேள்விகளை முன்கூட்டியே சேமித்து, விடைகளை அந்த இடத்திலேயே எழுதிவிடுங்கள். வீட்டுக்கு வந்து படத்தைப் பார்த்து எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால், படத்தில் இல்லாததைத்தான் கேட்டிருப்பார்கள். டிராக்கபிள் எனப்படும், எண் பொறித்து பெட்டிக்குப் பெட்டி கைமாறும் பயணப் பொருள்களின் விஷயத்தில் என் கருத்து கொஞ்சம் கண்டிப்பானது. ஒரு பெட்டியில் எடுத்து இன்னொன்றில் போட்டுவிட்டு, இணையத்தில் பதியாமல் நகர்ந்துவிட்டால், அடுத்து வருபவர் அதை எடுத்துத் தன் பெயரில் பதிந்துவிடுவார். பிறகு உங்கள் நகர்வைச் சேர்ப்பது தலைவலி. இணையமில்லாப் பயணத்தில் பார்த்தேன் என்று மட்டும் பதிவதற்காக அதன்மேல் பொறித்த எண்ணை எழுதிக்கொண்டு, பொருளை இருந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். அந்த எண் தெரியும் படத்தையும் பொதுவில் போடக் கூடாது. எண் தெரிந்தவர் எவரும் பார்க்காமலே பார்த்ததாகப் பதிந்துவிட முடியும்.

தேடியும் கிடைக்காதவற்றையும், உடைந்த பெட்டி, நனைந்த தாள் போன்ற செய்திகளையும் கண்டுபிடிப்புகளுக்கு முன்பே பதிவது முறை. உங்கள் கண்டுபிடிப்பு இரண்டு வாரம் தாமதமானால் யாருக்கும் நட்டமில்லை. பெட்டி காணாமல்போன செய்தி தாமதமானால், அந்த இரண்டு வாரமும் வேறு யாரோ அதே புதரைக் கிளறிக்கொண்டிருப்பார்கள். இதற்காக ஊர் திரும்பும்வரை காத்திருக்கவும் வேண்டாம். நியூசிலாந்தின் பொது நூலகங்கள் பலவற்றில் இலவச வைஃபை கிடைக்கும். தங்கும் விடுதியிலும் பெரும்பாலும் இருக்கும். அங்கே வரைவுகளை மட்டும் ஏற்றிவிட்டு, அவசரமானவற்றை வெளியிட்டு, மற்றவற்றை நிதானமாக எழுதலாம். அப்படி ஏற்றிவிட்டால் ஃபோன் ஆற்றில் விழுந்தாலும் குறிப்புகள் பிழைத்திருக்கும். கார்மின் கோப்பு ஒவ்வொரு முறையும் பழைய வரிகளையும் சேர்த்தே வைத்திருக்கும் என்பதால், இரண்டாவது தடவை ஏற்றும்போது குறிப்பிட்ட தேதிக்கு முந்தையவற்றைத் தவிர்க்கும் தெரிவைப் பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் ஒரே பெட்டிக்கு இரட்டை வரைவுகள் வந்து நிற்கும்.

இந்தப் பயணத்துக்காகக் கைக்கருவி வாங்கும் எண்ணம் இருந்தால், இன்ரீச் போன்ற செயற்கைக்கோள் செய்தி வசதி உள்ள மாடலை நியூசிலாந்தில் வாங்கி இந்தியாவுக்குக் கொண்டுவராதீர்கள். உரிய அனுமதி இல்லாமல் அத்தகைய கருவிகளை வைத்திருப்பது இங்கே குற்றம். விமான நிலையத்தில் பிடிபட்டவர்கள் இருக்கிறார்கள். செய்தி அனுப்பும் வசதி இல்லாத, வெறும் ஜிபிஎஸ் ஏற்பி உங்கள் தேவைக்குப் போதும்.

நான் சொன்னவற்றில் விதி, குறியீடு, நேரக் கணக்கு ஆகியவற்றை அப்படியே நம்பலாம். செயலிகளின் பட்டிகளும் பொத்தான்களும் பதிப்புக்குப் பதிப்பு இடம்மாறுபவை. ஐஃபோனில் சி:ஜியோ கிடையாது. கேஷ்லி என்ற கட்டணச் செயலியை நண்பர்கள் பட்டியல்களை இறக்கிவைத்துப் பயன்படுத்துவதைப் பார்த்திருக்கிறேனே தவிர, எனக்கு அதில் நேரடிப் பழக்கம் குறைவு. எந்தச் செயலியானாலும், கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு சென்னையிலேயே ஃபோனை விமான முறையில் போட்டு, அருகிலுள்ள பெட்டி ஒன்றைத் திறந்து, துப்பும் வரைபடமும் தெரிகின்றனவா, எழுதிய பதிவு செயலியை மூடித் திறந்த பிறகும் அங்கேயே இருக்கிறதா என்று ஒருமுறை சோதித்துவிடுங்கள். எங்காவது தடைபட்டால், ஃபோனின் மாடலையும் செயலியின் பதிப்பு எண்ணையும் சேர்த்து எழுதுங்கள், பார்க்கிறேன்.